அன்றைக்குக் கடை திறந்திருந்ததா?

1

இன்று காலை பீர் கொட்டினேன். நிலவறையில் விற்காமல் கெட்டுப்போன பேரல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, தரையில் இருக்கும் சாக்கடை வாயில் ஊற்றினேன். பீர் கம்பெனிக்காரர்கள் அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முதலில் பேரல் மேல் இருக்கும் எண் வீடியோவில் தெரிய வேண்டும். பிறகு பீர் ஓடுவது தெரிய வேண்டும். கடைசியில் பேரல் காலியாக இருப்பது தெரிய வேண்டும். எல்லாம் ஒரே வீடியோவில் இருந்தால்தான் அதற்குக் கட்டிய வரி திரும்பக் கிடைக்கும். ஒரு கையில் போனும் இன்னொரு கையில் குழாயுமாக நின்றேன். நுரை கணுக்கால் வரைக்கும் வந்தது. மனதில் ஏதாவது தோன்றுகிறதா என்று பார்த்தேன். கால் சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். நான் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பழைய இரும்பு ஆலைகள் இருந்த ஒரு ஊர். நானும் என் வீட்டுக்காரரும் பல வருஷமாக இங்கே ஒரு பப் நடத்தினோம். பப் என்றால் சாராயக்கடையா என்பீர்கள். ஆமாம், ஆனால் குழந்தை குட்டியோடு வந்து உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் சாப்பிட்டுவிட்டுப் போகிற சாராயக்கடை. காஞ்சிபுரத்தில் இருக்கும் என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும், "சரசு வூட்டுக்காரரு லண்டன்ல ஓட்டல் வெச்சிக்கினு இருந்தாரு" என்றுதான் சொல்கிறார்கள். லண்டன் இங்கிருந்து ரொம்ப தூரம். ஓட்டல் அதைவிட தூரம்.

இந்த இலையுதிர் காலத்தில் அவர் போய்விட்டார். கொரோனாதான். ஆம்புலன்ஸில் ஏறும்போது வீட்டுச் செருப்போடு ஏறினார். ஆஸ்பத்திரிக்குள் என்னை விடவில்லை. ஒரு நர்ஸ் கம்ப்யூட்டர் பலகையைத் தூக்கிப் பிடித்து வீடியோவில் அவர் முகத்தைக் காட்டினாள். அவள் நல்ல பெண், கை வலித்திருக்கும், கீழே வைக்கவில்லை. சுடுகாட்டுக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய பேர்தான் போகலாம் என்றார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். நடுவில் படம் நின்றுவிட்டதாம். அப்புறம் வரும்போது எல்லாம் முடிந்திருந்ததாம்.

நம் ஊரில் ஒரு சாவு என்றால் தெரு கூடும். கட்டிக்கொண்டு அழுவதற்கு, பிடிக்காத நாத்தனாராவது வருவாள். எனக்கு யாரும் வரவில்லை, வரவும் கூடாது. அவரை ஆம்புலன்ஸ் கொண்டுபோன அன்றே கடைக்கதவைச் சாத்தினேன். பிறகு, துக்கத்தினால் கடை மூடியிருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுதி வெளியே ஒட்டினேன். தினமும் மத்தியானம் வருகிற கென் என்ற கிழவர் அதைப் படித்தார், தொப்பியைக் கழற்றினார், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். நான் மாடி ஜன்னலில் இருந்து பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கு ஊர் செய்த மரியாதை என்றால் அந்தச் சாத்திய கதவும் அந்தத் தொப்பியும்தான்.

2

அதற்குச் சில நாள் கழித்து எங்கள் பகுதியில் எல்லா பப்பையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. மூடுகிற கடைகளுக்கு அரசாங்கம் ஈடு கொடுக்கும், கவுன்சில், அதாவது இந்த ஊர் நகராட்சி, வழியாக வரும் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை. உத்தரவு வந்ததற்கு முந்தின நாள் கடை திறந்து, வியாபாரம் நடந்திருக்க வேண்டும்.

எங்கள் கதவு அதற்கு முன்பே சாத்தியாகிவிட்டது.

இந்தக் கட்டிடம் பீர் கம்பெனியுடையது. கீழே கடை, மாடியில் வீடு, இரண்டுக்கும் சேர்த்து வாடகை. ஈடு வந்தால் வாடகை கட்டிவிட்டு நல்ல காலம் வரும்வரை இங்கேயே இருக்கலாம். வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு என் மகன் அருண் வீட்டுக்குப் போக வேண்டும். அவன் வடக்கே வேறு நகரத்தில் இருக்கிறான். எனக்கென்று ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறானாம். அதில் மருமகளின் உடற்பயிற்சி சைக்கிள் மட்டும் இருக்குமாம், பரவாயில்லையா என்று கேட்டான். பரவாயில்லை என்றேன். ஆனால் இந்த மாடியில்தான் அவருடைய சட்டைகள் தொங்குகின்றன. அவர் இருமின இருமல் இந்தச் சுவருக்குத் தெரியும். இதை விட்டுப் போனால் அவரோடு வாழ்ந்தேன் என்பதற்கு எனக்கு ஒரு இடமும் கிடையாது.

அருணிடம் நிபந்தனையைச் சொன்னேன். அவன் சிரித்தேவிட்டான்.

"ஜஸ்ட் ஓப்பன்னு சொல்லிடுங்கம்மா. யார் வந்து பாக்கப் போறாங்க?"

"அன்னிக்கி நமக்குத் தீட்டுப்பா. கடை தெறக்கலை."

"தீட்டுன்னா? ஐசொலேஷன் மாதிரியா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"அப்ப அதுவும் ஒரு ரூல்தானே? அதுக்கும் க்ளெய்ம் பண்ணலாமே!"

அவன் மேல் தப்பில்லை. அவன் வளர்ந்த காலத்தில் நாங்கள் இரண்டு பேரும் கீழே கடையில் ஓடிக்கொண்டிருந்தோம். 'சாப்பிட்டியா', 'படிச்சியா', 'சத்தம் போடாதே' இவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்த தமிழ். தீட்டு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் யாராவது செத்திருக்க வேண்டும். செத்தவர்களெல்லாம் காஞ்சிபுரத்தில் செத்தார்கள். செய்தி போனில் வரும், நான் தலைக்கு ஊற்றிக்கொண்டு கீழே போய் பீர் ஊற்றுவேன்.

அன்றைக்குக் கடை திறந்திருந்ததா என்ற கேள்வி எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதில் எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்தே அதைக் கேட்டார்கள்.

3

அப்பா காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் முசரவாக்கத்துக்காரர். நிலம் இருந்தது, கிணற்றில் தண்ணீர் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் மதுவிலக்கைத் தள்ளிவைத்துக் கள்ளுக்கடைகளை ஏலம் விட்டபோது, அப்பா காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்களுக்கு இருந்த ஓட்டு வீட்டை அடமானம் வைத்து ஒரு கடையை ஏலம் எடுத்தார். கடை என்றால் ஊர்க்கோடியில், பனைமரங்களுக்கு நடுவில் ஒரு கீற்றுக் கொட்டகை. அதற்கு அரசாங்கத்துக்கு மாதாமாதம் கிஸ்தி கட்ட வேண்டும். தவறினால் முன்பணம் போகும், கடை போகும், கடைசியில் வீடும் போகும்.

எங்கள் வாடிக்கைக்காரர்கள் பெரும்பாலும் நெசவாளிகள். பொழுதெல்லாம் தறிக்குழியில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போனவர்கள். அமாவாசையன்று நெசவாளிகள் தறியில் உட்கார மாட்டார்கள். ஊரெல்லாம் விரதம் இருக்கிற அந்த நாளில்தான் எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. அம்மாவுக்கு இந்தத் தொழில் பிடிக்காது. காசு வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

கல்லாவில் உட்கார்ந்தவர் ஏகாம்பரம் சித்தப்பா, அப்பாவின் தம்பி. கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. வருகிறவர்கள் எல்லோரையும் "வா மாப்ளே" என்பார். எழுபது வயதுக் கிழவரும் அவருக்கு மாப்பிள்ளைதான். ஒரு சொட்டு குடிக்க மாட்டார். "வாடைக்கே ஏறிப்பூடுது, குடிக்க வேற வோணுமா?" என்பார். ராத்திரி வந்ததும் தனகோட்டி சித்தி அவரைக் கிணற்றடியிலேயே நிறுத்திவைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவாள். அவர் குளிரில் பாட்டுப் பாடுவார், சித்தி சிரிப்பாள். எங்கள் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அவர்கள் இருவரைத்தான்.

மரம் ஏறுகிறவர் அந்தோணி. பனைமரத்துக்கு லீவு கிடையாது என்பதை அவரிடம்தான் பார்த்தேன். காலையிலும் சாயங்காலமும் ஏறிப் பாளையைச் சீவிவிட வேண்டும். விட்டால் பாளை காய்ந்துவிடும், அந்த வருஷத்துக் கள்ளு அதோடு சரி.

4

வைகாசியில் கருடசேவைக்குக் கூட்டம் வந்தது. கூட்டத்தோடு வாந்திபேதியும் வந்தது. பஸ் ஸ்டாண்டில் நாற்காலி போட்டு காலரா ஊசி போட்டார்கள். எங்கள் தெருக் கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். சோறெல்லாம் அந்த வாடை அடித்தது.

சித்தப்பாவுக்குக் காலையில் ஆரம்பித்தது. ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் அப்பா மட்டும் திரும்பி வந்தார். உடம்பைக் கொடுக்க மாட்டோம் என்று அங்கிருந்தே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். அப்பா சைக்கிளில் பின்னாலேயே போய், கிட்டே விடாததால், எட்ட நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சித்தி ஒன்றையும் பார்க்கவில்லை. காலையில் வண்டியில் ஏற்றிவிட்டதோடு சரி.

மேளம் இல்லை, தேர் இல்லை. தெருக்காரர்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு போனார்கள். சித்தி உள்ளறை மூலையில் சுருண்டு கிடந்தாள். சேர்ந்து அழுவதற்கு ஒருத்தியும் வரவில்லை. வந்தவன் பவுடர் தெளிக்கிற ஆள் ஒருவன்தான். அவன் சித்தியைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொல்லி, அந்த மூலையிலும் தெளித்துவிட்டுப் போனான்.

அப்பா அன்றே கடையைச் சாத்தினார். காரியம் முடியும் வரைக்கும் திறப்பதில்லை என்று சொல்லிவிட்டார். சித்தியிடம் வந்து, உள்ளறை வாசலில் நின்று, "கடைய சாத்திட்டன்மா" என்றார். சித்தி தலையை ஆட்டினாள். சித்தப்பாவுக்கு என்று நடந்த துக்கம் அது ஒன்றுதான். ஊரில் ஒரு கதவு அவருக்காகச் சாத்தியிருந்தது.

காரியத்துக்கு முன்பே உத்தரவு வந்தது. ஓட்டல், அறுத்த பழம், கள்ளுக்கடை எல்லாம் மூடு என்றார்கள். பத்துப் பேர் கூடுவதால் தெருவில் நெசவு நூலை இழுத்துக் கட்டிப் பாவு நீட்டவும் கூடாது என்றார்கள். ஊரே மூடியது. அந்தோணி மட்டும் ஏறிக்கொண்டிருந்தார், மரம் நிற்காதே. இறக்கின கள்ளைக் கொட்டிவிட வேண்டும், கொட்டியதைப் பார்க்க ஒரு சிப்பந்தி வருவான். "கொட்றதுக்கு ஒரு ஆளு, அத்த பாக்கறதுக்கு ஒரு ஆளு. நல்லா கீதுபா கவர்மெண்டு" என்பார் அந்தோணி.

5

போன வாரம் கவுன்சில் கம்ப்யூட்டரில் ஒரு கூட்டம் போட்டது. பப்புகளை மூடியது சரியா, ஈடு போதுமா என்று விவாதம். அருண் அங்கிருந்தே எனக்குப் போனில் சொல்லிச் சொல்லி இணைப்பு வாங்கிக் கொடுத்தான். பேசவே வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும் என்றான்.

எல்லோரும் நன்றாகவே பேசினார்கள். ஒரு டாக்டர், குடித்தவனால் இடைவெளி விட்டு நிற்க முடியாது என்றார். ஒரு பப்காரர், சூப்பர் மார்க்கெட்டில் வண்டி வண்டியாக பீர் விற்கிறதே, கிருமி அங்கே போக பயப்படுமா என்றார். சாப்பாடு போடுகிற பப்பைத் திறந்துவைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அப்படியானால் எது சாப்பாடு என்று வந்தது. ஒரு முட்டை சாப்பாடா இல்லையா என்று, டை கட்டின பெரிய மனிதர்கள் வெகுநேரம் பேசினார்கள். என் வீட்டுக்காரர் இருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது.

பிறகு டாக்டர் சொன்னார், இந்த ஊரிலேயே ஒரு பப்காரர் இறந்திருக்கிறார், அதை நினைத்துப் பாருங்கள் என்று. உடனே பப்காரர் சொன்னார், அவருடைய மனைவி இப்போது வீட்டையும் இழக்கப்போகிறார், அதையும் நினைத்துப் பாருங்கள் என்று. இரண்டு பேரும் எங்களைத்தான் சொன்னார்கள். நான் திரையில் என்னுடைய சின்னக் கட்டத்தில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

6

காஞ்சிபுரத்தில் அந்தக் கூட்டம் ஒரு சத்திரத்தில் நடந்தது. வாந்திபேதி அடங்கி, கடைகள் திறக்கிற சமயம். மூடியிருந்த நாளுக்குக் கிஸ்தியைத் தள்ளுபடி செய்யச் சொல்லி கள்ளுக்கடைக்காரர்கள் மனுக் கொடுத்திருந்தார்கள். அப்பாவோடு அந்தோணியும் போயிருந்தார். அவர் வந்து எங்கள் முற்றத்தில் நின்று அம்மாவிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

ஓட்டல்காரர் ஒருவர் எழுந்து, இட்லிக்கடையை மூடினதற்கு ஈடு இல்லை, கள்ளுக்கடைக்கு மட்டும் எதற்கு என்று கேட்டிருக்கிறார். கடைக்காரர்களுக்குத் தலைவராக இருந்த நாயுடு பதில் சொன்னாராம். "ஏலம் வுட்டது கவர்மெண்டு. மூடுன்னது கவர்மெண்டு. மூடின நாளுக்கு வாடகை கேக்கறதும் கவர்மெண்டா? இன்னா நாயம் சார் இது?" சுகாதார அதிகாரி, கள்ளுக்கடையில்தான் நோய் பரவியது, இதோ இவர் தம்பியே செத்தார் என்று அப்பாவைக் காட்டியிருக்கிறார். நாயுடுவும், "இதோ இவரு தம்பியே பூட்டாரு, இவருக்கே தள்ளுபடி இல்லன்னா எப்படி?" என்று அப்பாவையே காட்டியிருக்கிறார்.

கடைசியில் பெரிய அதிகாரி ஒரு வழி சொன்னார். உத்தரவு வந்த அன்று நடந்துகொண்டிருந்த கடைக்குத் தள்ளுபடி உண்டு. தானாக மூடிக்கிடந்த கடைக்கு அரசாங்கம் பொறுப்பில்லை. ஒவ்வொரு கடையாகக் கேட்டுக்கொண்டு வந்து, அப்பாவிடமும் கேட்டார்.

"உங்க கடை அன்னைக்கித் தெறந்திருந்ததா?"

"அண்ணன் வாயே தெறக்கலமா" என்றார் அந்தோணி. "நாயுடு தொடைய புட்சி கிள்றாரு. அப்பறம் மெதுவா சொன்னாரு, தெறந்துதான் இருந்துதுங்கன்னு. அந்தாண்ட சுகாதார ஆபீசரு, சாவு வூட்டு ஆளு கள்ளு வித்தியான்னு கத்தறாரு. அண்ணன் தலைய குனிஞ்சிக்கினாரு. சொன்ன சொல்ல மாத்தல. இனிமே கவலயில்லமா, வூடு தப்பிச்சிது."

சித்தி உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா வந்தபோது தன் மூலைக்குப் போய்விட்டாள்.

ஆனால் அதோடு முடியவில்லை. சாவு வீட்டில் கடை திறந்ததாக ஒருவர் சொன்னால் எந்த அதிகாரியும் நம்ப மாட்டார். நம் ஊர்க்காரரான அந்தப் பெரிய அதிகாரிக்கும் தீட்டு தெரியும். விசாரிக்க ஒரு இன்ஸ்பெக்டரை வீட்டுக்கே அனுப்பினார்கள். அவர் முற்றத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார். செத்தவர் சம்சாரம் சொன்னால் எழுதிக்கொண்டு போய்விடுகிறேன் என்றார்.

அம்மா சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்து நிலைப்படிக்கு உள்ளே நிறுத்தினாள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா, உன் வூட்டுக்காரரு தவறிப்போன பிற்பாடு கடை நடந்துதா?"

சித்தி அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் கால் செருப்பைப் பார்த்தார். அவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வேண்டாம்மா, உண்மையைச் சொல்லிடு என்றிருக்கலாம். பொய்தான், ஆனாலும் எனக்காகச் சொல்லு என்றாவது கேட்டிருக்கலாம். செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடந்துது சார்" என்றாள் சித்தி. இன்ஸ்பெக்டர் எழுதத் தொடங்கும்போது கேட்காமலே இன்னொன்றும் சொன்னாள். "அவரு செத்த மறுநாளே தெறந்துட்டாங்க."

"மறுநாளேவா?"

"ஆமா சார். மரம் நிக்குமா? மனுசன்தானே நின்னுட்டாரு."

இன்ஸ்பெக்டர் அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். மீதி மோரைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார்.

7

கிஸ்தி தள்ளுபடியானது. வீடு மிஞ்சியது. கடை மிஞ்சவில்லை. சாவு வீட்டுக் கள்ளு என்று பேர் வந்துவிட்டது, வாடிக்கைக்காரர்கள் நாயுடு கடைக்குப் போனார்கள். கொஞ்ச காலத்தில் அரசாங்கமே எல்லாக் கடையையும் மூடிவிட்டது. அப்பா விறகு மண்டி வைத்தார்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, பெண்ணின் அப்பா கான்ட்ராக்ட் தொழில் செய்தவர் என்று நாங்கள் சொன்னோம். மாப்பிள்ளை சீமையில் ஓட்டலில் வேலை செய்கிறார் என்று அவர்கள் சொன்னார்கள். இங்கே வந்து இறங்கி, அந்த ஓட்டலின் கதவைத் திறந்த உடனே, புளித்த வாடை முகத்தில் அடித்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோய், ஏன் சிரிக்கிறாய் என்றார். எங்கள் அப்பாவும் இந்த ஓட்டல்தான் வைத்திருந்தார் என்றேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் மறைக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. நல்ல வாழ்க்கைதான்.

சித்தி தாய்வீட்டுக்குப் போகவில்லை. தன் வாயால் காப்பாற்றிய வீட்டிலேயே இருந்தாள். சமைத்தாள், பரிமாறினாள், என் தலையைப் பின்னினாள். அப்பாவிடம் மட்டும் பேசுவதை விட்டுவிட்டாள். அவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். "சரசு, உங்கப்பாவுக்கு ரசம் வோணுமான்னு கேளு" என்பாள். அப்பா என்னைப் பார்த்து, "போதும்னு சொல்லு" என்பார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் காதில் ஏற்கெனவே விழுந்ததை மறுபடி சொல்வேன். கல்யாணமாகி நான் வந்த பிறகு அந்த வேலையை அம்மா செய்தாள்.

அப்பா ஒருநாளும் எதிர்த்துக் கேட்டதில்லை. வேறு இடத்தில் போய்ச் சாப்பிட்டதும் இல்லை. அவள் போடும் வேளைக்குச் சரியாக வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். தனக்கு விதித்த தண்டனையை அப்படி வேளை தவறாமல் வந்து வாங்கிக்கொண்ட மனிதரை நான் வேறு பார்த்ததில்லை.

அவர் இறந்தபோது நான் இங்கே இருந்தேன், போக முடியவில்லை. அம்மா போனில் சொன்னாள். கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் பக்கத்தில் சித்தி வந்து உட்கார்ந்து, அவ்வளவு வருஷத்துக்குப் பிறகு அவரைப் பார்த்துப் பேசினாளாம்.

"மாமா, கடை தெறக்க நேரமாவுதே, எந்திரி" என்றாளாம்.

8

மத்தியானம் கவுன்சிலிலிருந்து போன் வந்தது. சின்னப் பெண்ணின் குரல். என் பெயரைச் சொல்ல முயன்று, தப்பாகச் சொல்லி, மன்னிப்புக் கேட்டாள். கணவர் இறந்ததற்கும் அதே குரலில் வருத்தம் சொன்னாள். விண்ணப்பத்தில் ஒரு கேள்விக்குப் பதில் விட்டுப்போயிருக்கிறது, நீங்கள் சொன்னால் நானே குறித்துக்கொள்வேன் என்றாள்.

"உத்தரவுக்கு முந்தின நாள் உங்கள் கடை திறந்திருந்ததா?"

நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். கீழே இருட்டில் நாற்காலிகள் மேஜைமேல் கவிழ்ந்திருந்தன. பதில் சொல்லும்போது குரல் நடுங்கும் என்று நினைத்தேன். அவள் என்னவோ ஏதோ என்று கேட்பாள், நான் எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன் என்று நினைத்தேன்.

"திறந்திருந்தது" என்றேன். காய்கறி விலை சொல்வதுபோல வந்தது.

"லவ்லி" என்றாள் அவள். இங்கே எதற்கும் லவ்லி என்பார்கள். விசைப்பலகையில் ஒரு தட்டு தட்டுகிற சத்தம் கேட்டது. பணம் சீக்கிரம் வரும், இந்த நாள் இனிதாக அமையட்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அருணுக்குச் செய்தி அனுப்பினேன். கட்டைவிரலைத் தூக்கின படம் ஒன்று வந்தது. கூடவே, "அப்பா இருந்தா அவரும் அதையேதான் சொல்லியிருப்பார்" என்று எழுதியிருந்தான். உண்மைதான். அவர் எனக்கு வீடு மிஞ்சட்டும் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பார். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. இந்த ஊரில், புருஷன் போன கையோடு கடை திறந்தாயா என்று என்னைக் கேட்க ஒரு நாதி கிடையாது. மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குக்கூட ஆள் இல்லை.

சாயங்காலம் சோறு வைத்தேன். தட்டு எடுத்துப் போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியைப் பார்த்தேன். சித்திக்கு அந்த ஒரு சொல்லுக்காக ஆயுசுக்கும் பேசாமல் இருக்க அப்பா இருந்தார். நான் இங்கே யாரோடு பேசாமல் இருப்பது?